மூன்றே மூன்று ஓட்டு

என் வீட்டுக்காரருக்கு வாய் முந்திக்கொள்ளும், யோசனை பிறகுதான் வரும். கல் உடைக்கும் கிரஷரின் முதலாளி தேர்தலில் நின்றபோது, "நம்ம லைன்ல ஒரு ஓட்டு வெளிய போகாது முதலாளி, நான் கியாரண்டி" என்று மார்தட்டிவிட்டு வந்தார். கல் லாரி ஓட்டுகிற மனுஷர். வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டிய பணக்கவர்கள் இவர் தலையில் விழுந்தன.

எங்கள் லைனில் வரிசையாக இருப்பதெல்லாம் கிரஷர் கம்பெனி வீடுகள். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? வாங்கினால் மானம் போகும், வாங்காவிட்டால் வீடு போகும். எல்லாரும் வாங்கினோம். பக்கத்து வீட்டு அக்காவும் வாங்கினாள். அவள் புருஷனுக்குக் கல்தூசி நெஞ்சில் இறங்கி, இருமினால் ரத்தம் வருகிறது. தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய் கிரஷரில் இல்லாமலில்லை. அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கு இருக்கிறது.

எதிர்த்து நின்றது ஒரு டீச்சர். அந்தக் குழாயில் தண்ணீர் வர வைப்பேன் என்றார்.

எங்கள் லைனுக்குத் தனி பூத். உள்ளே போனேன். லைன் முழுக்க முதலாளிக்குத்தானே போடப்போகிறது, என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று டீச்சருக்குப் போட்டுவிட்டு வந்தேன். இவரிடம் மூச்சு விடவில்லை.

முதலாளி தோற்றார். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் பூத்தில் அவருக்கு விழுந்தது மூன்றே மூன்று ஓட்டு.

கேட்டதும்தான் புரிந்தது. ஒவ்வொருத்தியும் என்னைப் போலவே, தான் மட்டும்தான் என்று நினைத்துப் போட்டிருக்கிறாள்! சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் கிரஷர் மேஸ்திரி வந்தார். வீடு வீடாகக் கேட்டுவிட்டு, கடைசியில் எங்கள் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். குரல் உயரவே இல்லை. அதில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

"எல்லாரும் முதலாளிக்குத்தான் போட்டாங்களாம். குழந்தை மேல சத்தியம் பண்றாங்க. மூணு ஓட்டுக்கு எத்தன சொந்தக்காரங்க பாரு."

இவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அத்தன பேரையும் விரட்டினா கிரஷர் எப்படி ஓடும்? ஒரு வீட்டக் காலி பண்ணாப் போதும், மத்தவங்களுக்குப் புத்தி வந்துடும். கவர் குடுத்தவன் நீ. வாங்கறப்ப யாரு மூஞ்சி சரியில்லன்னு உனக்குத் தெரியாதா? ஒரே ஒரு ஆளக் காட்டு. உன்ன விட்டுடறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் புருஷன் இருமினார். இவர் கண் அந்தச் சுவருக்குப் போனது. இவர் வாயைத்தான் எனக்குத் தெரியுமே.

"அண்ணே, வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நான் போடல" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

மேஸ்திரி திரும்பினார். "என்ன தங்கச்சி சொன்ன?"

"முதலாளிக்கு நான் போடலண்ணே."

இவர் கையால் அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. இவர் தரையில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நானும் போடலண்ணே. அதத்தான் சொல்ல வந்தேன். லாரிக் கண்ணாடின்னா தூசியத் துடைச்சுக்கலாம். நெஞ்ச எதுல துடைக்கிறது?"

அடப்பாவி மனுஷா! பக்கத்திலேயே படுத்துக்கொண்டு என்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் மட்டும் சொன்னேனா என்ன.

மேஸ்திரி திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். இவர் லாரிச் சாவியைக் கொடுத்தார். கை அப்படியே நீண்டிருந்தது. வீட்டுச் சாவியையும் கொடுத்தார்.

மத்தியானம் இரண்டு மூட்டைகளோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். எங்கே போவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. லைனில் ஒரு கதவு திறக்கவில்லை, அக்கா கதவும்தான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க நின்றேன்.

அப்புறம் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். வேறு யாராவது மூட்டையோடு போயிருந்தால், நானும் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.