சமனில் முடிய வேண்டிய ஆட்டம்

எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு யாரும் பந்தை முன்னால் கொண்டுபோகவில்லை. இந்தப் பக்கத்துத் தடுப்பாட்டக்காரர்கள் தங்களுக்குள் உருட்டினார்கள். பறிபோனால் அந்தப் பக்கத்தவர்களும் அப்படியே உருட்டினார்கள்.

"பிஸ்கட் வெந்துடுச்சா?" என்று பார்வையாளர் மாடத்திலிருந்து ஒருவன் கத்தினான். இரு அணியும் மனமொத்துச் சமனாக்கும் ஆட்டத்துக்கு அந்த நாட்டில் அதுதான் பெயர். சிலர் சிரித்தார்கள்.

இந்தப் பக்கத்துப் பயிற்சியாளர் ஒரெஸ்தே கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமனானால் இரண்டு அணியும் மூன்றாம் பிரிவில் தப்பும். தோற்கிற அணி கீழே இறங்கும். இறங்கினால் ஒரெஸ்தேயின் அணியையே கலைத்துவிடுவதாகக் கிளப் தலைவர் சொல்லியிருந்தார்.

எதிரணியின் பயிற்சியாளர் லியாந்த்ரோ. ஒரு காலத்தில் இருவரும் ஒரே அணியின் நடுக்களத்தில் தோளோடு தோள் ஆடியவர்கள். அந்த வாரம் இருவரும் போனில் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் குற்றம். பேசாமலே புரிய வேண்டிய விஷயம் அது. லியாந்த்ரோவுக்குப் புரிந்ததா என்றுதான் ஒரெஸ்தேக்குத் தெரியவில்லை.

முன்கள ஆட்டக்காரனுக்குத் தசை பிடித்துக்கொண்டது. அவனுக்குப் பதில் ஒரெஸ்தே லாமினை இறக்கினார். காம்பியாக்காரன், ஜனவரியில்தான் அணிக்கு வந்தவன்.

இறங்கிய கொஞ்ச நேரத்தில், எதிராளி சோம்பலாகப் பின்னால் தட்டிய பந்தை லாமின் பறித்தான். ஓடினான். வலைக்குள் அடித்தான்.

மைதானம் அடங்கிப்போனது.

உதவியாளர் நெல்லோ தலையில் கை வைத்தார். "அவன்கிட்ட யாரும் சொல்லலியாடா?"

"என்னன்னு சொல்லச் சொல்ற?" என்றார் ஒரெஸ்தே.

எதிரணி மொத்தமாக ஏறி வந்தது. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தார்கள். ஒரெஸ்தே மூச்சுவிட்டார். ஆனால் அவர்கள் கொண்டாடவில்லை. இன்னொரு கோல் அடிக்கும் அவசரத்தில் வலையிலிருந்து பந்தை அள்ளிக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினார்கள்.

ஒரெஸ்தே தன் எல்லைக் கோட்டைத் தாண்டி எதிரணிப் பயிற்சியாளரிடம் நடந்தார். "லியாந்த்ரோ, போதும்டா."

"எது போதும்? உன் ஆளு ஆடறான். நாங்களும் ஆடறோம்."

"அவனுக்குத் தெரியாதுடா."

"என்ன தெரியாது?" என்றார் லியாந்த்ரோ. பயிற்சியாளர்களைக் கண்காணிக்கும் நான்காம் நடுவர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தார். லியாந்த்ரோ அவரைப் பார்த்தார். "சத்தமாத்தான் சொல்லேன்."

ஒரெஸ்தே தன் இடத்துக்குத் திரும்பினார்.

நடுவர் கூட்டிக் கொடுத்த நிமிடங்களில் எதிரணி மூலையிலிருந்து பந்தை உதைத்தது. இவ்வளவு நேரம் நின்றே ஆடிய ஒரெஸ்தேயின் தடுப்பாட்டக்காரர்களுக்குக் கால் எழவில்லை. கோல்காப்பாளரின் கையில் பட்டுப் பந்து வலையை நோக்கி உருண்டது. ஒரெஸ்தே கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது லாமின் கோல் கோட்டில் விழுந்து கிடந்தான். பந்து அவன் காலில் பட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் சமனில் முடிந்து விசில் ஒலித்தது.

ஜனங்கள் கொண்டாட வேலியேறிக் குதித்தார்கள். லாமின் மட்டும் முகம் கடுகடுக்க ஒரெஸ்தேயிடம் வந்தான்.

"ஜெயிச்சிருக்கலாம் மிஸ்டர். நான் கோல் போட்டப்ப எல்லாரும் எதுக்கு என்னைத் திருடனைப் பாக்கற மாதிரிப் பாத்தீங்க?"

பயிற்சியாளரை அங்கே மிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். நான்காம் நடுவர் காதுக்கு எட்டும் தூரத்தில் நின்று பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மிஸ்டர். நான் என்ன தப்பு..."

அவன் வாயை அடைக்க வேறு வழி தெரியாமல், ஒரெஸ்தே அவனை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டார்.