ஆறு கிணறுகளின் சராசரி

ஆற்றுப்படுகையில் நாற்பத்து மூன்று கிணறுகளில் மாதம் ஒருமுறை நாடா இறக்கி நீர்மட்டம் அளப்பது நீர்வளத் துறையில் அவள் வேலை. மக்கள் அவளைக் கிணத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வருடத்து மழை முழுவதும் நான்கே நாளில் கொட்டித் தீர்த்தது. ஆறு கரைபுரண்டு ஓடிக் கடலில் கலந்தது. மண் குடிக்க நேரமே கிடைக்கவில்லை. கரையோரத்து ஆறு கிணறுகளில் மட்டும் மட்டம் ஏறியது. மற்ற முப்பத்தேழிலும் இறங்கியது. சிலவற்றில் ஏழு மீட்டர்.

ஒரு நாள் காலை, மேட்டுப்பகுதியில் குடியிருந்த அவளுடைய அக்கா போன் செய்தாள். அங்கே சாயத் தொழிற்சாலை எட்டு ஆழ்துளைக் கிணறு போடப்போகிறதாம். நிலத்தடி நீர் திருப்தியாக இருக்கிறது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம்.

"கீழே அளந்தவங்கன்னு உன் பேரு போட்டிருக்கு. என் கிணத்துல வாளி தரையைத் தட்டுது. நீயாடி எழுதிக் குடுத்தே?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அறிக்கையில் அந்த ஆறு கிணறுகள் மட்டுமே இருந்தன. மற்றவை பழுதான கிணறுகள் என்று நீக்கப்பட்டிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார். மழை சராசரியை எட்டிவிட்டது, அப்புறம் நீர்மட்டம் எப்படிக் குறையும் என்று அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"பத்து நாள் சாப்பாட்டை ஒரே வேளையில திணிச்சிட்டு, மீதி நாள் பட்டினி போட்டா, சராசரியா வயிறு நிறைஞ்சுதுன்னு எழுதுவீங்களா சார்?"

உன் வேலை அளப்பது, யோசிப்பது இல்லை என்றார் அவர்.

மறுவாரம் சாயத் தொழிற்சாலை பற்றி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கூப்பிடாமலே போனாள். குறிப்பேட்டைத் திறந்து, நாற்பத்து மூன்று கிணறுகளின் அளவையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். நடுவில் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். தொண்டை கிழிய வாசித்து முடித்தாள். மேட்டுப்பகுதிப் பெண்கள் எழுந்து, எங்கள் கிணறுகளை இப்போதே வந்து பாருங்கள் என்று வாசலை மறித்தார்கள்.

மறு அளவீடு வரை அனுமதி நிறுத்தப்பட்டது. மூன்றாம் நாள் அவளைப் பொருள் கிடங்குக்கு மாற்றி உத்தரவு வந்தது. மறு அளவீட்டுக்கு அதே மேலதிகாரிதான் பொறுப்பு.

சந்தேகப்பட்டதற்கு அக்கா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க வந்தாள். இவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அழுதது போதும். உன் பக்கத்துல கிணறு வச்சிருக்கிற எல்லாரையும் கூப்பிடு. நாடா பிடிக்கக் கத்துக் குடுக்கிறேன். அந்த ஆள் வர்றப்போ ஒவ்வொரு கிணத்துக்கிட்டயும் ரெண்டு பேர் நிக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். அவளுடைய கோபம் மட்டும் ஒரு துளியும் இறங்கவில்லை.