முன்வரிசை

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் கழுத்தில் டையை முடிந்துகொண்டிருந்தபோது டுவைன் ஹாஸ்கலின் குரல் வாசலில் கேட்டது. கிரெட்சன் முடிச்சை அவிழ்த்து, நிதானமாக இன்னொரு முறை போட்டாள்.

“உங்கப்பா இல்லேன்னா நான் ஏதும்மா? பெட்டி மேல காலேஜ் கொடியைப் போத்திட்டு ரெண்டு வார்த்தை பேசட்டுமா?”

“தாராளமா பேசுங்க கோச்.”

அந்தக் கல்லூரியின் ஃபுட்பால் அணியைக் கட்டி வளர்த்தவர் அவள் அப்பா வெர்லின். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் மேயரைத் தெரியாதவர்கள்கூட அவரைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில், தலையில் அடிபட்டுத் தள்ளாடிய ஆட்டக்காரன் டெரலை மறுபடி களத்துக்கு அனுப்பினான் துணைக் கோச் ஹாஸ்கல். வெர்லின் அப்போது நடுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்க நின்ற கிரெட்சன், “உள்ள போ” என்று ஹாஸ்கல் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள். அடுத்த மோதலில் விழுந்த டெரல் பழைய டெரலாக எழவில்லை.

விசாரணையில் ஹாஸ்கல், “பெரியவர் சொன்னார், செஞ்சேன்” என்றான். வெர்லின் மறுக்கவில்லை.

“என் டீம்ல எது நடந்தாலும் அது என் தலையிலதான் விடியணும். நீ வாயைத் திறக்கக் கூடாது” என்று மகளிடம் சத்தியம் வாங்கினார்.

வேலை போயிற்று. அவர் நாற்காலியில் ஹாஸ்கல் உட்கார்ந்தான். வெர்லின் தீவனக் கடையில் மூட்டை தூக்கினார். அவரைக் கண்டால் ஊரார் எதிர்ச்சாரிக்கு மாறிப் போனார்கள்.

சத்தியம் அவர் மூச்சோடு முடிந்தது. இன்று காலை டெரலின் அம்மா ஓபலின் சமையலறையில் உட்கார்ந்து, கிரெட்சன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

தேவாலயத்தில் ஹாஸ்கலின் கையைப் பிடித்து அவளே முன்வரிசைக்கு அழைத்துப்போனாள். அங்கே ஓபல், சற்றுத் தள்ளிச் சக்கர நாற்காலியில் டெரல். இருவருக்கும் நடுவே ஓர் இடம்.

“நான் பின்னால…”

“அப்பாவுக்கு வேண்டியவங்க இங்கதான் உக்காரணும்.”

டெரலின் முகம் மலர்ந்தது. “கோச்! நான் உள்ள போகட்டுமா?”

ஹாஸ்கல் சுற்றிலும் பார்த்தான். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் திரும்பியிருந்தார்கள்.

“பதில் சொல்லுங்க,” என்றாள் ஓபல், குரலை உயர்த்தாமல். “அன்னிக்குச் சொன்னது நீங்கதானே? உங்க வாயாலயே இன்னொரு தரம் சொல்லுங்க.”

ஹாஸ்கலின் பெயரைச் சொல்லிப் போதகர் அழைத்தார். அவன் எழுந்தான், மேடைப்பக்கம் ஓரடி வைத்தான், பிறகு திரும்பி நடுப்பாதை வழியே வெளியேறினான். பெட்டி மேலிருந்த கொடியை எடுத்து மடித்து, கிரெட்சன் இருக்கைக்கு அடியில் வைத்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. பன்றித் தொடைக்கறியையும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கையும் வழித்துத் தின்றாள்.

“இன்னும் வைக்கவா கண்ணு?” என்றாள் பரிமாறியவள்.

வாய் நிறைந்திருந்ததால், கிரெட்சன் தட்டை மட்டும் நீட்டினாள்.