தபீதாள் பேர் வெட்டிய பதக்கம்

கடற்படைக்காரர் இயேசுதாசனுக்குரிய பதக்கங்கள், அவர் அந்தந்தச் சண்டைக்குப் போவதற்குப் பல மாதம் முன்னதாகவே சித்தூர்ப் பக்கத்துப் புத்தலப்பட்டில் இருக்கும் வீட்டுக்குத் தபாலில் வந்துவிடும். கோவா சண்டைக்கான பதக்கம் அறுபத்தொன்றாம் வருஷம் மாங்காய் சீசனில் வந்தது. கப்பல் கோவாவுக்குப் போனது டிசம்பரில். அறுபத்தைந்தின் பதக்கம் மாமரம் பூக்கும்போதே வந்தது. ஒன்பது வருஷச் சேவைக்கான பதக்கம் ஆறாம் வருஷமே வந்ததால், இன்னும் மூன்று வருஷத்துக்கு ஆள் பத்திரம் என்று அவர் மனைவி தபீதாள் தைரியமாகக் கூரையைப் பிரித்து ஓடு போட்டாள். ஊரும் பழகிக்கொண்டது. போஸ்ட்மேன் முனிகிருஷ்ணன் சின்னப் பெட்டியோடு அவள் வீட்டுப் பக்கம் திரும்பினால், சண்டை வந்தால் விலை ஏறும் என்று கடைக்கார கங்கையா மண்ணெண்ணெய் டின்களை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

எழுபத்தொன்று ஆடியில் வந்த பெட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று நட்சத்திரம், சண்டை வரப்போகிறது, அவ்வளவுதான். இன்னொன்றின் வெள்ளை ரிப்பனில் நடுவே ஒரு சிவப்புக் கோடு. பஸ் ஏறிச் சித்தூருக்குப் போய், பழைய பட்டாளத்துக்காரர் பச்சையப்பனிடம் காட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிபட்டவனுக்குத் தர்றதும்மா இது."

"எவ்ளோ அடி?"

"அதெல்லாம் இதுல போட மாட்டாங்க. பொழைச்சவனுக்கும் இதான், பொழைக்காதவனுக்கும் இதான்."

கரும்புக் கட்டுச் சுமந்தே காய்த்துப்போன தலை அவளுடையது. ஒரு சுமையை இறக்க முடியாது என்று யார் சொன்னாலும் அவள் நம்பியதில்லை. ஏசுவைக் கும்பிடும் வேதக்காரியாக இருந்தாலும் பரவாயில்லை என்று திருப்பதிக்குப் போய், மலைப்படி தொடங்கும் அலிபிரியில் பதக்கத்தை வைத்துவிட்டு வந்தாள். அங்கே விட்டதை யாரும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. மறுநாள் காலை முனிகிருஷ்ணன் புது முத்திரையோடு அதையே நீட்டினான்.

"நான் இன்னாக்கா பண்றது? பேர் போட்டு வந்தா குடுத்துத்தான் ஆவணும்."

அவள் பதக்கத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். புருஷன் பேர் அதில் வெட்டியிருந்தது. பேர் வெட்டிய பாத்திரம் எந்தக் கல்யாணப் பந்தியில் கலந்தாலும் உரிய வீட்டுக்கு வந்து சேருவதை அவள் பார்த்திருக்கிறாள். மறுபடி திருப்பதிக்கு பஸ் ஏறினாள். பாத்திரக்கடை வாசலில் சீர்க்குடங்களுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்த வீராசாமி முன்னால் உட்கார்ந்தாள்.

"இந்தப் பேரை ராவிட்டு என் பேரை வெட்டு. தபீதாள்."

"ஏம்மா, சண்டைக்கு நீயா போன?"

"இனிமேதான் போவப் போறேன். நீ வெட்டு."

அன்றிலிருந்து பதக்கத்தை ஜாக்கெட்டில் குத்திக்கொண்டே வேலைக்குப் போனாள். மேஸ்திரி, "இன்னாமே, கர்னல் அம்மா!" என்று கிண்டலடித்தான். அவள் ஆட்டைத் தங்கச்சி வீட்டில் கட்டினாள், விறகை வெட்டி அடுக்கினாள், பிறகு காத்திருந்தாள்.

டிசம்பரில், மேகமே இல்லாத ஒரு மதியம், கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவள் மேல் சாம்பல் பெயிண்ட் அடித்த இரும்புத் துண்டு ஒன்று வந்து விழுந்தது. கூடவே இரண்டு குடம் அளவு உப்புத் தண்ணீர். இடது முழங்காலுக்குக் கீழே இரும்பு தைத்து எலும்பு இரண்டாக முறிந்தது. கூட வேலை செய்தவர்கள் அவளைக் கட்டிலோடு கரும்பு லாரியில் ஏற்றி, எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப்போடுகிறவர் இரும்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். பச்சிலையும் முட்டையும் தடவி மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். கப்பல் அடி இதுவரை வந்ததில்லை, ஆனால் எலும்பு எலும்புதான் என்றார்.

மாசியில் இயேசுதாசன் லீவில் வந்தார். குண்டு பட்டு எஞ்சின் அறைச் சுவரிலிருந்து பிய்ந்து, கடல் தண்ணீரோடு பறந்து வந்த இரும்புத் துண்டு, தன் எதிரே வந்ததும் காணாமல் போனதைச் சொன்னார். அவள் காலைப் பார்த்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கப்பலுக்குப் போசொல்ல நீ என்னைக் கேட்டியா?"

கால் கூடியது, ஆனால் சற்றுக் கோணலாகக் கூடியது. எழுபத்து மூன்றாம் வருஷம் குடியரசு நாளன்று, சித்தூர் மைதானத்தில் முன்னாள் ராணுவத்தினர் வரிசையில், கைக்கோலோடு தபீதாளும் போய் நின்றாள். அதிகாரி குனிந்து விளிம்பில் இருந்த பேரைப் படித்தார், காலைப் பார்த்தார், சல்யூட் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அடுத்த வருஷத்திலிருந்து அந்த வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.