ஆறாம் நாள்

மூன்று வருடமாக ஈனோஸின் வேலை, டிவர்டன் குன்றில் உட்கார்ந்து எதிரிக் கப்பல்களை எண்ணுவதுதான். வந்தது எத்தனை, போனது எத்தனை. எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனது. இங்கிலாந்து ராஜாவின் படை பிடித்து வைத்திருந்த நியூபோர்ட்டிலிருந்து தங்கை டார்கஸ் வெண்ணெய்க் கூடைக்குள் ரகசியச் சீட்டு அனுப்புவாள். அவள் இன்னும் ஆயுதம் தொடாத குவேக்கர் சபைக்காரி. துப்பாக்கி தூக்கியதற்காகச் சபை தள்ளிவைத்த ஈனோஸோ, அவர்களுடைய பேச்சுவழக்கையும் சேர்த்தே தலைமுழுகிவிட்டான்.

அந்தத் திங்கட்கிழமை சீட்டு வந்தது: ‘காவல் கப்பல் ஆறாம் நாள் விறகு ஏற்றப் போகிறது.’

வெடிமருந்து வாங்கிவரக் கடைசித் தம்பி சைலஸ் தன் சிறு கப்பலோடு, கடல்வழியை மறித்து நின்ற அந்த எதிரிக் கப்பல் விலகுவதற்காகத்தான் காத்திருந்தான்.

“நாளைக்குத்தான் தேதி ஆறு. விடியறப்பவே கெளம்பிடு,” என்றான் ஈனோஸ்.

“அக்கா கையெழுத்த நானும் பாக்கிறேனே, குடுண்ணே.”

“ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா? போடா, வேலயப் பாரு. எனக்குக் கண்ணு சொக்குது.”

“சொக்கும், சொக்கும். ஒக்காந்தே தேயுற உத்தியோகமாச்சே!” சிரித்துக்கொண்டே போனான் சைலஸ்.

செவ்வாய் காலை காவல் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டே குண்டு. சைலஸ் பாயை இறக்கிச் சரணடைந்துவிட்டான். அவனைக் கைதிக் கப்பலில் அடைத்தார்கள். அங்கே போய்த் திரும்பியவர்களை ஈனோஸ் விரல்விட்டு எண்ணிவிடுவான்.

மூன்று நாள் சோள ரொட்டியைத் தொடவில்லை. “பாவி, தப்பான சேதிய அனுப்பித் தம்பியப் பலி குடுத்துட்டாளே,” என்று டார்கஸைத் திட்டித் தீர்த்தான்.

வெள்ளிக்கிழமை காவல் கப்பல் பாய் விரித்து விறகுக்குக் கிளம்பியது.

ஈனோஸ் திங்கட்கிழமைச் சீட்டை எடுத்து மறுபடி படித்தான்: ஆறாம் நாள். வெள்ளி என்ற பெயரை அம்மா ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. கிழமைப் பெயர்களெல்லாம் பொய்த்தெய்வங்களின் பெயராம். சபைக்காரர் வீட்டில் ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள். வெள்ளிதான் ஆறாம் நாள். தவழ்ந்த காலம் முதல் கேட்டது, எப்படி மறந்தான்? போன வருடம்வரை சபையில் இருந்த சைலஸ், சீட்டைப் பார்த்திருந்தால் பார்த்ததுமே சொல்லியிருப்பான்.

மதியம் வெண்ணெய்க் கூடை வந்தது. சீட்டில் ஒரே வரி: ‘வழி திறந்திருக்கிறது, தம்பி கிளம்பிவிட்டானா?’

தாளைத் திருப்பிப் பதில் எழுத உட்கார்ந்தான். ‘மூன்றாம் நாளே கிளம்பிவிட்டான்’ என்று எழுதினான்.