கட்டைச்சுவர் விளக்கு

ஏரிக்கரை நகரமான மரக்கைபோ இருட்டில் கிடந்த ஆண்டுகளில் சான் பெனித்தோ தெருவின் பதினோரு வீடுகளுக்கும் மின்சாரம் கொடுத்தது, ஷேர் கார் ஓட்டும் எபெர்தோவும் பக்கத்து வீட்டு மினெர்வாவும் சோஷலிசத்தைப் பற்றிப் போட்ட சண்டை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிப்பார்கள். அதற்குள் ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டிவிடும், மாவு அரைத்துவிடலாம், துணிக்கு இஸ்திரி போட்டுவிடலாம். எண்ணெய் விலையைப் பற்றிப் பேசினால் வெளிச்சம் மஞ்சளாகவும், அரசாங்கம் எடுத்துக்கொண்ட பண்ணைகளைப் பற்றிப் பேசினால் வெள்ளையாகவும் இருக்கும். கறுப்புத் துணி தைக்கிற வேலை இருந்தால் தையற்காரி சுவர் ஓரம் வந்து, "இன்னைக்குக் கொஞ்சம் பண்ணையைப் பத்திப் பேசுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போவாள். இந்த மின்சாரத்தை முதலில் கண்டுபிடித்தவள் எபெர்தோவின் மனைவி லுதோவினா. கண்டுபிடித்துப் பதினாறு வருஷம் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தவளும் அவள்தான். காரணம் பொறாமை. அதில் மூடிமறைக்க ஒன்றுமில்லை.

சண்டை தொடங்கியது 1999இல், புதிய அரசாங்கம் வந்த வருஷம். எபெர்தோ அந்த அரசாங்கத்தை நம்பினான். அவனுடைய பழைய எட்டு சிலிண்டர் காரின் கண்ணாடியில் சிவப்பு நாடா தொங்கியது. பார்வை மங்கிப்போயிருந்த அவன் அம்மாவுக்குக் காசு வாங்காமல் கண் அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகு அவனை யாராலும் அசைக்க முடியவில்லை. மினெர்வா எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர், கணவனை இழந்தவள். பெரிய வேலைநிறுத்தத்தில் வேலை போய், வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கட்டைச்சுவர். அதன் மேல் ஒரு பல்பு, பல்புக்குக் கீழே ஒரு பிளக் பாயின்ட். சுவருக்கு அந்தப்புறம் அவள், இந்தப்புறம் அவன்.

"யோவ் டிரைவரே, மாவு மில்லை உங்க ஆளுங்க எடுத்து ஆறு மாசமாச்சு. மாவு எங்கய்யா?"

"உங்க முதலாளிங்க பதுக்கி வச்சிருக்காங்க. இன்ஜினியரம்மா போய் அவங்க கதவத் தட்டுங்க."

"நாட்டையே பட்டினி போட்டுட்டு இன்னும் முதலாளிங்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"எங்கம்மாவுக்குக் கண்ணு குடுத்தது யாரு? உங்க கம்பெனியா?"

"கண்ணு குடுத்தீங்க. அத வச்சிப் பாக்கத்தான் கடையில ஒண்ணும் இல்ல."

எபெர்தோ கையை ஓங்கிச் சுவரில் அடிப்பான், காதுமடல் வரை சிவந்துபோவான், அவள் சொன்னதற்குப் பதில் தேடி இரவெல்லாம் புரளுவான். சமையலறை ஜன்னலில் நின்று லுதோவினா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் அவன் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. "உப்பு இருக்கா", "நீ சொன்னா சரி", "படுக்கலாமா" என்பதற்கு மேல் பேச்சு நீண்டதுமில்லை. இப்படி ஒரு தங்கமான புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தெருப் பெண்கள் சொல்லும்போது அவளுக்கு வயிறு எரியும். தங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் காதுச் சிவப்பு தனக்காக ஒரு தடவையாவது வந்திருக்கிறதா என்று கல்யாண நாள் முதல் யோசித்துப் பார்ப்பாள். வந்ததாக நினைவில்லை.

2002 டிசம்பரில் ஒரு சாயங்காலம் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவதற்காகக் கொல்லை பல்பின் சுவிட்சை அணைத்தாள். பல்பு அணையவில்லை. மறுபடி போட்டு அணைத்தாள். அது பாட்டுக்கு எரிந்தது. இருவரும் பேச்சை முடித்து அவரவர் வீட்டுக்குள் போனதும் தானாக அடங்கியது. நான்கு நாள் சோதித்துப் பார்த்தாள், சந்தேகமே இல்லை. வேறொருத்தியாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பாள். லுதோவினாவோ புருஷன் சட்டைப் பையில் யாரோ எழுதிய கடிதம் கிடைத்த மாதிரி அந்தப் பல்பைக் கழற்றிக் கொண்டுபோய் மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். புதைத்து என்ன பயன்? அவர்கள் பேசும்போதெல்லாம் மாவுக்குள்ளிருந்து வெளிச்சம் கசியும். பிறகு நாட்டில் மாவே கிடைக்காமல் போனது. டப்பா காலியாகி, அடியில் பல்பு மட்டும் கிடந்தது. சோள ரொட்டி சுட வழியில்லாத நாட்களில் டப்பாவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு மூடுவாள்.

கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. பணத்தை எண்ணுவதை விட்டு எடை போட்டார்கள், பிறகு அதையும் விட்டார்கள். லுதோவினாவின் மகன் பிழைப்புத் தேடி லீமாவுக்குப் போனான். தெருவில் பாதிப் பேர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார்கள். லுதோவினாவுக்குச் சர்க்கரை நோய் வந்தது. மகன் லாரிக்காரர்கள் கையில் கொடுத்தனுப்பும் இன்சுலின் குப்பிகள்தான் அவள் உயிர். 2019 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மின்சாரம் நின்றது. எப்போதும் நிற்பதுதான், ஏதோ ஓணான் கம்பியைக் கடித்துவிட்டது என்று வானொலியில் சொல்வார்கள், வந்துவிடும் என்று இருந்தார்கள். வரவில்லை. மூன்றாம் நாள் தெரு முழுக்க அழுகிய இறைச்சி நாறியது. வெயிலோ நாற்பது டிகிரி. ஃபிரிட்ஜைத் திறந்து மருந்துக் குப்பியைத் தொட்டபோது அது கை சூட்டுக்கு வந்திருந்தது.

அரைமணி நேரம் லுதோவினா சமையலறையில் நின்றாள். செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு பத்து நிமிஷம் உண்மையாகவே நினைத்தாள். பிறகு டப்பாவிலிருந்து பல்பை எடுத்து ஊதித் துடைத்துச் சுவரில் மாட்டினாள். ஃபிரிட்ஜைக் கொல்லைக்கு இழுத்து வந்து பிளக்கைச் செருகினாள். இருவரையும் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் சண்டை போடுங்க."

"எதுக்கு லுதோ?" என்றாள் மினெர்வா.

"போடுங்கன்னா போடுங்க."

வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். எதைப் பற்றிப் பேசுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மினெர்வா, மின்கம்பி போகிற வழி முழுக்கப் பத்து வருஷமாகப் புதரை வெட்ட ஆளில்லை, ஓணான் மேல் பழி போட ஒரு அரசாங்கமா என்று சும்மா கேட்டுவைத்தாள். எபெர்தோ, வெளிநாட்டிலிருந்து கழுத்தை நெரிக்கிறவனை விட்டுவிட்டுப் புதரைப் பற்றிப் பேசுகிறீர்களே என்றான். நாலாவது நிமிஷம் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. லுதோவினாவை அவ்வளவு சுட்ட சத்தம் வேறெதுவும் இல்லை.

ஒரு வாரத்தில் பதினோரு வீட்டு ஒயர்களும் அந்தச் சுவருக்கு வந்துவிட்டன. இது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்கள். சண்டைக்காரர்களுக்குத் தெம்பு வேண்டுமே என்று ஆளுக்குக் கொஞ்சம் பொருள் கொண்டுவர, லுதோவினாதான் சமைத்துக் கொடுத்தாள். வாழைப்பழமும் வெல்லமும் சோளமாவும் பிசைந்து வளையமாகச் சுட்டு, சூடாக, மினெர்வாவின் தட்டில் தன் கையாலேயே வைத்தாள். அவர்கள் சண்டையில்தான் தன் மூச்சு ஓடுகிறது என்பது ஒவ்வொரு ஊசியின்போதும் அவளுக்குக் குத்தியது. ஊசியை விட அதுதான் வலித்தது.

அடுத்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. பெட்ரோல் வரிசையில் மூன்று நாள் நின்ற எபெர்தோ, காலி டேங்கோடு காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஏரிக்கு அடியில் எண்ணெய், ஏரிக்கு மேலே எண்ணெய் மிதக்கிறது, ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோல் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "நீங்க சொன்னது சரிதான், மினெர்வா" என்றான்.

பதினோரு வீட்டிலும் மின்விசிறி நின்றது. ஜெயித்துவிட்டாளே, மினெர்வா துள்ளிக் குதிக்க வேண்டுமே? இல்லை. "எல்லாமே சரின்னும் சொல்ல முடியாது" என்று மெல்லச் சொன்னாள். "உங்கம்மா கண்ணு இருக்குல்ல." அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. சுவரின் மேல் ஆளுக்கொரு கையை ஊன்றிக்கொண்டு ஏரிப்பக்கம் பார்த்து நின்றார்கள். தெருக்காரர்கள் சட்டி பானையைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள், அரசாங்கத்துக்கு எதிராகத் தட்டுவார்களே அதே மாதிரி. "சண்டை போடுங்க! சண்டை போடுங்க!" சமையலறை ஜன்னலில் லுதோவினா பார்த்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு கைகளை. இருபது வருஷச் சண்டையில் இல்லாத பயம் அந்த மௌனத்தைப் பார்த்து வந்தது. அந்தக் கைகளுக்கு நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

அதன் பிறகு சண்டை முன்னைப்போல ஏறவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. மூன்று வாரம் கழித்து மினெர்வா சிலியிலிருக்கும் மகளிடம் புறப்பட்டாள். வீட்டுச் சாவியை லுதோவினாவிடம் கொடுத்து, "அவர் நம்புறத விட்டுட்டாரு. நான் இங்க இருந்து யார்கிட்ட பேச?" என்றாள். லுதோவினா வழிக்குப் பலகாரம் கட்டிக்கொடுத்தாள், கட்டிப்பிடித்து அனுப்பினாள், கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் ஒரு ஆட்டம் ஆடினாள். ஆடி முடித்தபோதுதான் ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்பது உறைத்தது.

மருந்துக் குப்பியை ஈரமணல் பானையில் வைத்தார்கள். எபெர்தோ மினெர்வாவுக்குப் பதிலாக ஆள் தேடி அலைந்தான். பாதிரியாரைச் சுவரண்டை நிறுத்திப் பேசிப் பார்த்தான், வட்டாரக் கட்சித் தலைவரைக் கூட்டிவந்தான், வானொலியோடு மல்லுக்கு நின்றான். தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆறாம் நாள் லுதோவினா சாவியை எடுத்துக்கொண்டு போய், மினெர்வாவின் கொல்லையில், மினெர்வா நிற்கும் இடத்தில் நின்றாள். இருபது வருஷம் ஜன்னலில் நின்று கேட்டவளுக்கு அத்தனையும் மனப்பாடம். மாவு மில், பண்ணை, புதர், ஓணான் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். பல்புக்குள் கம்பி மட்டும் சிகரெட் முனை அளவுக்குச் சிவந்தது.

"நல்லாத்தான் சொல்ற" என்றான் எபெர்தோ அன்பாக. "ஆனா மினெர்வா இத வேற மாதிரி சொல்லுவா."

"என்ன சொன்ன?"

"இல்ல, அவ எப்பவும் எண்ணெய் விலைல ஆரம்பிச்சி..."

"யோவ்!" லுதோவினா சுவரில் அடித்தாள். "அவ எப்படிச் சொல்லுவான்னு எனக்கே பாடம் எடுக்கிறியா? மில்லு, பண்ணை, பேங்க்கு எல்லாத்தையும் பொதுவாக்குன்னு கத்தினியே, உன் வாய மட்டும் அவளுக்குத் தனிச் சொத்தா எழுதி வச்சிட்ட! பங்கு பங்குன்னு பேசினியே, ஒரு நாளாச்சும் எனக்கு அதுல கால் மணி நேரம் பங்கு வந்திச்சா? மாவு வரிசைல நின்னது நானு. கைல நம்பர் எழுதிக்கிட்டு வெயில்ல காஞ்சது நானு. உன் சோஷலிசத்த நின்னு அனுபவிச்சது நான்யா! அதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கம்பி மஞ்சளானது. எபெர்தோ பல்பைப் பார்க்கவில்லை. "நான் யாருக்காகடி அவகூட மல்லுக்கட்டினேன்? உன் மருந்துக்காகத்தானே!"

"இந்த ஒரு வருஷம் மருந்துக்கு. அதுக்கு முந்தின இருபது வருஷம் எந்த மருந்துக்கு?"

எபெர்தோவின் காதுமடல் சிவந்தது. லுதோவினா அதைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தவில்லை. அவனும் விடவில்லை. "நீதான் எதக் கேட்டாலும் சரின்னு ஜன்னல்ல போய் நின்னுக்குவியே! ஒரு தடவ வந்து எதுத்துப் பேசியிருந்தா என்னவாம்?" என்று அவன் கத்தினான், சுவரில் ஓங்கி அடித்தான். பல்பு வெள்ளையாகக் கொதித்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. பதினோரு வீட்டிலும் மின்விசிறி, வானொலி, தையல் மெஷின் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. எப்போதோ பழுதாகிப்போன தெருவிளக்கு மூன்றும் பட்டப்பகலில் எரிந்தன.

அன்றிலிருந்து வெளிச்சம் பழையதை விட வெண்மை அதிகம், கண் கூசுகிறது என்று தெருவில் குறைப்பட்டுக்கொண்டார்கள். திருட்டு இணைப்பு என்று சோதனைக்கு வந்த மின்வாரிய ஆள் ஒரு மணி நேரம் சுவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, தன் அக்கா வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது, ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்றான். லுதோவினா இப்போது மினெர்வாவின் கொல்லையில் நிற்பதில்லை. சுவருக்கு இந்தப்புறமே, புருஷனுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கட்சி, மாவு, மாமியார், மகன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிப்பாள். சில நாள் அவள் அரசாங்கத்துக்கு ஆதரவாகப் பேசுவாள், அவன் எதிராகப் பேசுவான். மின்சாரத்துக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மினெர்வா சிலியிலிருந்து போன் செய்தாள். லுதோவினாதான் எடுத்தாள். எபெர்தோ பின்னாலிருந்து எதையோ மறுத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"அவர் குரல்தானே? யார்கூட சண்டை போடுறாரு?"

"எங்கூடத்தான்."

"எதப் பத்தி?" என்றாள் மினெர்வா. குரல் சின்னதாகியிருந்தது.

"உனக்குத் தெரியாத விஷயம்" என்றாள் லுதோவினா.

போனை வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து மருந்துக் குப்பியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.