வில்மாரின் அண்ணன்

...இன்றைக்கும் அதே இடத்தில்தான் கூட்டத்தை நிறுத்தியிருக்கிறான், நகரும் படி முடிந்து அடுத்தது தொடங்குகிற திருப்பத்தில், ஆரஞ்சுக் கூரைக்குக் கீழே, சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்கள், நடுவில் வில்மார், பக்கத்து வீட்டில் மூக்கொழுக நின்ற பயல், இப்போது தொப்பியும் மைக்குமாக ஊர் சுற்றிக்காட்டுகிறவன், "என் அண்ணனை இங்கதான் சுட்டாங்க" என்கிறான்... அண்ணனாம், அவனுக்கு ஏது அண்ணன்? செத்தது கில்தார்தோ, இதோ நகரும் படியில் நின்று மேலே வந்துகொண்டிருக்கிற நூபியாவின் புருஷன். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறியவன், அன்று இது வெறும் சிமெண்டுப் படி, மேலேயிருந்து ஆயுதக் கும்பல் சுட்டது, கீழேயிருந்து பட்டாளம் சுட்டது, யார் குண்டு என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் அப்போது மலைக்குக் கீழே மெதெயின் நகரத்தின் பணக்காரத் தெருவொன்றில் யாருடைய சட்டைக்கோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், மலையில் சண்டை என்று ரேடியோ சொன்னதும் எஜமானியம்மா ரேடியோவை அணைத்தாள்... பிறகுதான் மின்சாரப் படி வந்தது, சுவரெல்லாம் கிளியும் பூவும் வந்தன. இதை அன்றைக்கே போட்டிருந்தால் சுமையோடு மூச்சுவாங்கி நடுவழியில் நின்றிருப்பானா?

மைக்கில் வில்மாரின் குரல் தழுதழுத்தது. "சாகும்போது என்ன சொன்னார் தெரியுமா? வீட்டுக்காரி வந்தா சிலிண்டரை அவளைத் தூக்க விடாதீங்கன்னாரு." இது புதுசு. படி அவளைத் திருப்பத்தில் கொண்டுவந்து விட்டதும் நேரே அவனிடம் போனாள். "ஏண்டா, அவரு உனக்கு எப்படா அண்ணனானாரு?" நடப்பது புரியாமல் கூட்டத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டே இவளைப் படமெடுத்தாள். வில்மார் மைக்கை இறக்கி அவளை ஓரமாக அழைத்துப் போனான். "கோவிச்சுக்காதீங்க நூபியாக்கா, பக்கத்து வீட்டுக்காரர்னா யாரு நின்னு கேக்குறாங்க? அண்ணன்னாதான் அழுவுறாங்க."

"அப்ப அந்தக் கடைசிப் பேச்சு? அதுவும் உன் சரக்குதானா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லக்கா, அது நெசம். நான் ஜன்னலுக்கு அடியில படுத்திருந்தேன்."

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீங்க எங்க எங்ககூடப் பேசினீங்க? கதவைச் சாத்திக்கிட்டீங்களே..." கூட்டம் கூப்பிட்டது, போய்விட்டான்.

அடுத்த படியில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கில்தார்தோ அப்படிப் பேசுகிறவனா? கட்டிய நாளிலிருந்து அவள் கையிலிருந்து ஒரு பை வாங்கிச் சுமந்தவனில்லை, வாயைத் திறந்தால் ஏச்சு... ஆனாலும் ரத்தம் போகிறபோது மனுஷன் எதையாவது சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம், இந்தப் பயல் புளுகன், வயிற்றுப் பிழைப்புக்கு, செத்துப்போனவன் வாயில் பேச்சை வைக்கிறவன், அவனைப் போய் நம்புவதா, த்தூ... நாளைக்கு எந்த நேரத்துக்கு வந்தால் அவன் அந்தக் கடைசிப் பேச்சைச் சொல்லிக்கொண்டிருப்பான் என்று தான் யோசிப்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.